"அந்த 2 பேரை விட்டுவிட்டு வா!" முடியாது என்று மறுத்த கல்லூரி அணி

9 ஆட்டம். 9-லும் வெற்றி. தோல்வி கிடையாது. டிரா கூட கிடையாது. ஆனால் பெரிய ஆட்டத்துக்கு அழைப்பு மட்டும் வரவே இல்லை!

காரணம் என்ன? அணியில் இருந்த 2 கறுப்பு வாலிபர்கள். அவர்களைக் கழற்றிவிட்டு வந்தால் இடம் உண்டு என்று சேதி வந்தது. வந்தால் எல்லோரும் வருவோம், இல்லாவிட்டால் யாரும் வரமாட்டோம் என்று அணி கைவிரித்து விட்டது.

நடந்தது 1951-ம் ஆண்டு. இடம்: அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், சான்பிரான்சிஸ்கோ நகரம். ஏசு சபை பாதிரிமார்கள் நடத்தும் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் அப்போது ஒரு சின்ன நிறுவனம். அதன் அணிக்கு "டான்ஸ்" என்று பெயர்.

நம்ம ஊர் கால்பந்து அல்ல

கால்பந்து என்றதும் நம்ம ஊர் பையன்கள் மைதானத்தில் உதைக்கிற ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். இது அமெரிக்கன் புட்பால். பந்து முட்டை மாதிரி நீளமாக இருக்கும். அதைக் கையில் இடுக்கிக் கொண்டு ஓட வேண்டும். எதிராளி மேலே விழுந்து அமுக்குவான். கபடியில் பாடிப் போனவனை மடக்குவது போலத்தான். ஒரு பக்கத்துக்கு 11 பேர். எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளி.

செப்டம்பரில் தொடங்கும் சீசன் நவம்பர் கடைசியில் முடியும். நன்றாக ஆடிய அணிகளைப் பொறுக்கி எடுத்து, புத்தாண்டை ஒட்டி "பவுல்" என்ற பெரிய ஆட்டங்களுக்கு அழைப்பார்கள். போனால் பேருக்குப் பேர், காசுக்குக் காசு.

வெயிலில் வறுத்த பயிற்சியாளர்

டான்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜோ குஹாரிச். சீசனுக்கு முன்னால் பையன்களை கார்னிங் என்ற ஊருக்கு அழைத்துப் போய் கொளுத்தும் வெயிலில் வேலை வாங்கினார். நம்ம அக்னி நட்சத்திர வெயிலை நினைத்துக் கொள்ளலாம். அதில் தாக்குப்பிடித்தவர்கள்தான் அணியில் நின்றார்கள்.

நின்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜினோ மார்செட்டி, இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்கிவிட்டு வந்தவர். பாப் செயின்ட் கிளேர், ஆறடிக்கும் மேலே பனைமரம் போல வளர்ந்தவர்.

அப்புறம் அந்த 2 பேர். ஒருவர் ஆலி மேட்சன், ஓட்டத்தில் புலி. மற்றவர் பர்ல் டோலர், எதிராளியை மடக்குவதில் கெட்டிக்காரர். மேட்சன் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். டோலர் டென்னசியில் பிறந்தவர். இரண்டுமே கறுப்பருக்குத் தனி ஓட்டல், தனி தண்ணீர்க் குழாய், தனி பள்ளிக்கூடம் என்று இருந்த தென் மாநிலங்கள்.

வெற்றி மேல் வெற்றி

அந்த சீசனில் நியூயார்க்குக்குப் போய் போர்டாம் அணியை 32-26 என்று சாய்த்தார்கள். அன்று மட்டும் மேட்சன் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, 90 கஜத்துக்குக் குறையாமல் ஓடி 2 முறை எல்லையைத் தொட்டார்.

பசிபிக் கல்லூரியை 47-14 என்று நொறுக்கினார்கள். கடைசியில் லயோலா அணியை 20-2 என்று முடித்தார்கள். சீசன் முடிந்தபோது நாட்டிலேயே அதிக தூரம் பந்தோடு ஓடியவர் மேட்சன்தான். 1,566 கஜம்!

அழைப்பு வந்தது வேறு ஆளுக்கு

அழைப்பு வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. இவர்கள் மோதிய அணிகள் பலவீனமானவை என்று வெளியே ஒரு சாக்குச் சொல்லப்பட்டது. உள்ளே நடந்த பேச்சு வேறு என்று ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள். பெரிய பவுல் ஆட்டங்கள் தெற்கில் நடந்தன. அங்கே வெள்ளையரோடு கறுப்பர் ஆட வருவதை விரும்பவில்லை. 2 பேரை விட்டு வந்தால் கதவு திறக்கும் என்ற சேதி அணிக்கு வந்து சேர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். 20, 22 வயசுப் பையன்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வரும் வாய்ப்பு. கல்லூரியோ புட்பாலில் கைக்காசு போட்டு நஷ்டப்பட்டுக் கொண்டிருந்தது. அந்த ஒரு ஆட்டத்தின் வசூல் வந்தால் கடன் தீரலாம். அணியும் பிழைக்கலாம். இருந்தும் ஒருவர் கூட மசியவில்லை.

இவர்களிடம் 47-14 என்று உதை வாங்கிய பசிபிக் கல்லூரிக்கு 1952 ஜனவரி 1-ந்தேதி சன் பவுல் ஆட்டம் கிடைத்தது. ஜெயித்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்!

அதோடு அணி காலி. நஷ்டம் தாங்காமல் புட்பாலையே கல்லூரி நிறுத்திவிட்டது.

தாடை உடைந்தது

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொரு சம்பவம். அதே சீசனில், 1951 அக்டோபர் 20-ந்தேதி, ஒக்லஹோமா மாநிலத்தில் ஜானி பிரைட் என்ற கறுப்பு வீரர் கையில் பந்து இல்லாமல் நின்றபோதே தாக்கப்பட்டார். தாடை உடைந்தது. அந்தப் படங்களுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை, நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்தது நம்ம தமிழ்நாடுதான். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் அதிகாரிகள் துணையோடு, போலீஸ் காவலோடு!

அப்புறம் என்ன ஆனார்கள்?

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார். பிறகு தொழில்முறை ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தார். அவரும் மார்செட்டியும் செயின்ட் கிளேரும் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்கள். ஒரே கல்லூரி அணியில் இருந்து 3 பேர்! கல்லூரி அணிக்கு விளம்பர வேலை பார்த்த பீட் ரோசெல் என்ற இளைஞர் 1960-ல் அமெரிக்க தொழில்முறை புட்பால் அமைப்புக்கே தலைவர் ஆனார்.

டோலருக்கு மட்டும் விதி விளையாடியது. 1952-ல் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. ஆட்டம் முடிந்தது. ஆனால் மனுஷன் சோர்ந்து உட்காரவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் பள்ளிக்கூட தலைமை ஆசிரியர் ஆனார். 1965-ல் தொழில்முறை புட்பாலின் முதல் கறுப்பு நடுவராக மைதானத்தில் இறங்கினார். 1980-ல் நாடே பார்க்கும் "சூப்பர் பவுல்" இறுதி ஆட்டத்திலும் அவர் நடுவர்களில் ஒருவர்.

கறுப்பன் ஆடக்கூடாது என்று கதவைச் சாத்திய அதே நாட்டில், ஆட்டம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் போய் நின்றார் அவர்.