உங்கள் காரில் ஒட்டிய உப்பு காய்வதே இல்லை, தெரியுமா?

பண்ணைப் பாலத்தில் ஏறி, வேலணையைக் கடந்து, இரு பக்கமும் கடல் அலைமோதும் வாணர் தாம்போதியால் குறிகட்டுவான் துறைமட்டும் போய் வந்த காரைத் தொட்டுப் பாருங்கள். கையில் பிசுபிசுக்கும். சோளகம் வீசும் மாதங்களில் சொல்லவே வேண்டாம்! வெயில் பட்டால் காய்ந்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? காயாது! கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதில் கறியுப்போடு மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கறியுப்பு நீரை உறிஞ்சிக் கரையும். மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும்! எங்கள் தீவுக் காற்று அந்த அளவுக்கு எப்போது வறண்டது? சில்லுக்கு மேலுள்ள மடிப்புகளில் இரவு பகலாக இரும்பு உப்புநீரில் ஊறிக்கொண்டேயிருக்கிறது.

சரி, தூரிகையும் துணியும் படாமல் காரைக் கழுவும் தானியங்கி இயந்திரம் இதை எப்படி வெல்கிறது? தண்ணீரின் வேகத்தாலா? அதுதான் இல்லை! தண்ணீர் எவ்வளவு சீறிப் பாய்ந்தாலும், தகட்டை ஒட்டிய மிக மெல்லிய படலத்தில் அதன் வேகம் ஏறக்குறையப் பூச்சியம். செம்பாட்டுத் தூசியின் நுண்துகள்கள் அந்தப் படலத்துக்குள் ஒளிந்து தப்பிவிடும். 1959இல் ஹேர்பேர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதற்கு விடை சொன்னார். அழுக்கு போக நான்கு வேண்டும்: மருந்து, சூடு, நேரம், தேய்ப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியே ஆக வேண்டும்! தேய்ப்பே இல்லாத இடத்தில் சவர்க்கார நுரை ஊறும் அந்த ஓரிரு நிமிடங்கள்தான் உயிர். பல இயந்திரங்கள் முதலில் மென்னமிலமும் அடுத்துக் காரமும் தெளிப்பதும் இதற்காகவே. உச்சி வெயிலில் கொதிக்கும் தகட்டில் நுரை காய்ந்துபோனால் எல்லாம் பாழ். காலையிலோ மாலையிலோ கழுவுங்கள். சேர்விஸ் ஸ்ரேசனில் குழாய் பிடித்து அடித்தாலும் விதி இதுவேதான்: முதலில் அடிப்பாகத்து உப்பை நல்ல தண்ணீரால் கரைத்து விடுங்கள், பிறகு நுரையைக் கீழிருந்து மேலாகப் பூசி ஊற விடுங்கள். குழாய் முனையைத் தள்ளிப் பிடித்தால் தண்ணீரின் அடி சட்டென்று தளர்ந்துவிடும்.

இனி வருவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களும், கழுவிய கண்ணாடியில் காயும் வெள்ளைப் புள்ளிகளும் ஒரே பொருள்தான், தெரியுமா? கல்சியம் காபனேற்று! சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் கிணற்றில் ஊறுகிறது. அது கண்ணாடியில் உலரும்போது, கரைந்த சுண்ணம் மறுபடி கல்லாகிறது. இரண்டையுமே வினாகிரி கரைக்கும். அதனால்தான் நல்ல இயந்திரங்கள் கடைசி அலசலுக்கு மட்டும், உப்பையும் சுண்ணத்தையும் சவ்வால் வடித்தெடுத்த தண்ணீரை விடுகின்றன. மழைநீர் தொட்டி வைத்திருப்பவருக்கு அந்தத் தண்ணீர் வானத்திலிருந்தே கிடைக்கிறது! ஒரு வாளி போதும், கடைசியாக ஊற்ற.

உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பைத் திரும்பப் பூசுவது. கழுவிய தண்ணீரை மண்ணும் எண்ணெயும் வடித்து மறுபடி பயன்படுத்தினாலும் கரைந்த உப்பு போகாது. சுற்றுக்குச் சுற்று கூடும்! நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் இன்னும் கவனம் தேவை. தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இறைத்துவிட்டால்? கீழிருந்து உவர் 40 அடி ஏறிவிடும்! குடிக்கிற கிணற்றில் பம்பைப் போட்டுக் கார் கழுவ எனக்கு மனம் வராது.

கழுவி முடிந்ததும் கதவுகளின் அடிவிளிம்பைப் பாருங்கள். அங்கே சிறிய வடிதுளைகள் இருக்கும், தெரியுமா? மண் அடைத்திருந்தால் உள்ளே போன தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். ஓர் ஈர்க்கை எடுத்துக் குத்தி விடுங்கள்.