கொல்லன் பட்டறையில் கல்யாணம்

விவாகம் இருவரது காரியமா, இரு குடும்பங்களின் காரியமா என்ற விவாதம் எந்தத் தேசத்துக்கும் புதிதன்று. கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்று நம் பெரியோர் சொல்லி வந்தார்கள். பயிருக்கு வேலி அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலியே பயிரை மேயத் தொடங்கினால் என்ன செய்வது? ஆங்கிலேயரின் சரித்திரத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் கிடைக்கிறது. அந்த வேடிக்கைக்குள் நமக்கும் ஒரு படிப்பினை இருப்பதால், அதைச் சற்று விரிவாகவே வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லண்டன் நகரில் பிளீட் சிறைச்சாலையின் சுற்றுப்புறம் கள்ளக் கல்யாணங்களுக்குப் பேர்போன இடமாக இருந்தது. கடன்பட்டுச் சிறை புகுந்த பாதிரிமார்கள் காசு வாங்கிக்கொண்டு, வந்தவர் யார், போனவர் யார் என்று கேளாமல் விவாகம் செய்து வைத்தார்கள். இதனால் ஏமாந்த பெண்கள் பலர். ஆனால் பிரபுக்களின் கவலை வேறு. சொத்துக்குரிய மகளை எவனோ ஒருவன் கவர்ந்து போனால் எஸ்டேட் கைமாறிவிடுமே என்பதுதான் அது. லார்டு சான்ஸலராக இருந்த ஹார்ட்விக் பிரபுவின் முயற்சியால் 1753-ம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அது 1754 மார்ச் 25-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன்படி மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பகிரங்கமாக அறிவிப்பு வாசிக்க வேண்டும்; அல்லது லைசென்ஸ் பெற வேண்டும். 21 வயது நிரம்பாதவர் லைசென்ஸ் பெறுவதற்குத் தகப்பனாரின் சம்மதம் வேண்டும். அறிவிப்பு வாசிக்கும்பொழுது பெற்றோர் எழுந்து ஆட்சேபித்தால் அத்துடன் கல்யாணம் நின்றது. இது பணக்காரர் தங்கள் பணத்தைப் பணக்காரருக்குள்ளேயே கட்டிவைக்கச் செய்யும் சூழ்ச்சி என்று பார்லிமெண்டிலேயே சிலர் வாதாடினார்கள். அவர்களது வாதம் எடுபடவில்லை.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த நாட்டு வழக்கப்படி, ஓர் ஆணும் பெண்ணும் சாட்சிகளின் முன்பு, 'நாங்கள் கணவன் மனைவியர்' என்று வாயால் சொன்னாலே விவாகம் முடிந்தது. பாதிரி வேண்டாம், தகப்பனார் சம்மதமும் வேண்டாம். எல்லையில் ஓடும் ஸார்க் ஆற்றைத் தாண்டியவுடன் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1770-களில் புதுச் சாலை போட்ட பிறகு, வடக்கே ஓடி வரும் காதலர்களின் கோச்சு வண்டிகள் முதலில் சேருமிடம் அதுவே ஆயிற்று. அங்கே கொல்லன் பட்டறையில், பட்டடைக் கல்லின் முன்பு நிறுத்தி விவாகம் நடத்தி வைத்தார்கள். இரண்டு இரும்புத் துண்டுகளை நெருப்பில் காய்ச்சி ஒன்றாக்குகிறவன் இரண்டு உள்ளங்களையும் ஒன்றாக்கினான் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் இந்தத் திடீர்ப் புரோகிதர்களில் பலர் கொல்லர்களே அல்லர். சம்மட்டி ஓசை மாத்திரம் நிலைத்துவிட்டது.

1782-ம் வருஷத்தில், லண்டன் பாங்கு முதலாளி ராபர்ட் சைல்டு என்பவரின் மகள் ஸாரா, வெஸ்ட்மோர்லாந்து பிரபுவுடன் கிரெட்னாவுக்கு ஓடினாள். தகப்பனார் மற்றொரு வண்டியில் துரத்தினார். வழியில் அவரது வண்டிக் குதிரையைச் சுட்டு வீழ்த்தித்தான் காதலர்கள் தப்பினார்கள் என்பார்கள். விவாகத்தை மாற்ற முடியாத தகப்பனார் உயிலை மாற்றினார். மருமகனின் பட்டத்துக்கு வாரிசாகும் மூத்த பேரனுக்குத் தம் செல்வம் சேரலாகாதென்று வேறு ஏற்பாடு செய்துவிட்டு அவ்வருஷமே காலமானார். அச்செல்வம் பின்னர்ப் பேத்திக்குப் போய்ச் சேர்ந்தது; அவள் அந்தப் பாங்கியின் பிரதம பங்காளியாகவும் விளங்கினாள்.

இதைக் காட்டிலும் வேடிக்கை, சட்டம் செய்த ஆசனத்தில் அமர்ந்தவர்களின் கதை. நியூகாஸில் நகரத்து நிலக்கரி வியாபாரியின் மகன் ஜான் ஸ்காட், 1772-ம் வருஷத்தில், பெஸ்ஸி ஸர்ட்டீஸ் என்ற பாங்கியர் மகளை ஜன்னல் வழியாக ஏணியில் இறக்கி ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் சென்று மணந்தார். அவரே பிற்காலத்தில் எல்டன் பிரபு என்ற பெயருடன் ஏறக்குறைய கால் நூற்றாண்டு லார்டு சான்ஸலராக வீற்றிருந்தார். 1817-ல் அவருடைய சொந்த மகளே தான் விரும்பிய ஒரு கட்டடக் கலைஞருடன் வீட்டை விட்டு ஓடியபொழுது, பழைய ஏணியின் ஞாபகம் அவருக்கு வரவில்லை போலும். மகளை மன்னிக்கச் சில வருஷங்கள் பிடித்தன. மற்றொரு மாஜி லார்டு சான்ஸலரான எர்ஸ்கின் பிரபு, 1818-ல், தமது அறுபத்தெட்டாம் வயதில், தம் குழந்தைகளின் தாயை மணப்பதற்கு அதே கிரெட்னாவுக்குப் போய்ச் சேர்ந்தார்! ஹார்ட்விக் கட்டிய வேலியை அவரது ஆசனத்தில் அமர்ந்தவர்களே தாண்டினார்கள் என்றால், சாதாரண ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

காதல் என்ற பெயரால் நடந்தவை யாவும் நியாயம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1826-ல் எட்வர்டு கிப்பன் வேக்பீல்டு என்பவர், பதினைந்து வயதுச் செல்வச் சிறுமி ஒருத்தியை, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று பொய்க் கடிதம் காட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுபோனார். தகப்பனாரின் ஆஸ்தியைக் காக்க வேறு வழியில்லை என்று மிரட்டிக் கிரெட்னாவில் மணம் செய்து கொண்டார். மறு வருஷம் அந்த விவாகத்தைப் பார்லிமெண்டு ரத்து செய்தது. அவருக்கு மூன்று வருஷச் சிறைவாசம் கிடைத்தது. பெண்ணை அபகரித்த இந்த மனிதர் பிறகு தென் ஆஸ்திரேலியா, நியூஜிலந்து ஆகிய பிறர் பூமிகளில் வெள்ளையரைக் குடியேற்றும் திட்டங்களுக்கு ஆசிரியரானார் என்பதையும் கவனிக்க வேண்டும். அன்றியும், ஸ்காட்லாந்தில் பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்குப் பதினான்கு என்ற பழைய வயது வரம்பு 1929 வரையில் நீடித்தது. பதினாறாக அதை உயர்த்தியது மிகவும் நல்ல காரியமே.

1856-ம் வருஷத்துச் சட்டம், மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டுமென்று விதித்தது. துரத்தி வரும் தகப்பனாருக்கு இதனால் மூன்று வாரம் அவகாசம் கிடைத்தது. ஆயினும் கிரெட்னா ஓயவில்லை. கடைசியாகப் பட்டடைக்கல் புரோகிதம் செய்த ரிச்சர்டு ரென்னிஸன் ஒருவர் மாத்திரம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விவாகங்களை நடத்தினார். 1940 ஜூலை முதல் தேதி, வாய்ச்சொல் விவாகம் ஸ்காட்லாந்திலும் ஒழிந்தது. இன்றும் அங்கே வருஷந்தோறும் ஆயிரக்கணக்கானோர் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, ஆசைக்காகப் பட்டடைக் கல்லின் முன்பு நின்று மணம் புரிகிறார்கள்.

இது அயலார் கதை என்று ஒதுக்கிவிடலாகாது. அறிவிப்பும் அவகாசமும் என்ற அந்த ஏற்பாடு கடல் தாண்டி நமது தேசத்துக்கும் வந்தது. 1872-ம் வருஷத்து மூன்றாவது சட்டப்படி மணம் புரிய விரும்பியவர், தாம் ஹிந்துவும் அல்ல, முஸ்லிமும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல என்று மதங்களை வரிசையாக மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சுதந்திர இந்தியாவின் 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் அந்த அவமானத்தை நீக்கிற்று. ஆனால் அறிவிப்பை நீக்கவில்லை, நாளையும் கூட்டிற்று. விவாக அதிகாரியின் காரியாலயத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி 30 நாள் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது அச்சட்டப்படி ஆட்சேபமே ஆகாது. ஆண் 21 வயதும் பெண் 18 வயதும் நிரம்பியவர்களாக இருக்கத்தான் வேண்டும். அப்படியிருக்க, சுவரில் ஒட்டிய அந்தக் காகிதம் யாருக்காக? ஜாதியின் பெயரால் மகளையும் மருமகனையும் தேடி அலைகிறவனுக்கு விலாசம் காட்டவா? இத்தகைய அறிவிப்பை மணமக்கள் விரும்பினால் அன்றிப் பிரசுரிக்க வேண்டுவதில்லை என்று 2021-ல் அலகாபாத் ஹைக்கோர்ட்டு கூறியது மிகவும் நியாயமானது.

தமிழ் நாடு இதில் ஒரு படி முன்னே சென்றது என்று நாம் பெருமை கொள்ளலாம். அண்ணாதுரை மந்திரி சபை 1967-ல் கொண்டுவந்த திருத்தம், ஹிந்துக்களாகிய இருவர் உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் விவாகம் செல்லும் என்றது. ஊரறியப் பந்தலிட்டு நடத்தினால்தான் செல்லும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. குடும்பத்தாரின் எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் அஞ்சுகிறவர்கள் ஊரைக் கூட்ட முடியாது என்பதை நீதிபதிகள் உணர்ந்து கூறினார்கள்.

நமது அபிப்பிராயம் இதுதான். வயது பார்ப்பது, சம்மதம் உண்மையா என்று விசாரிப்பது, சாட்சி வைப்பது, பதிவு செய்வது ஆகிய நான்கும் சர்க்காரின் கடமை. இவை இல்லாவிடில் வேக்பீல்டுகள் பெருகுவார்கள். ஆனால் வயது வந்த இருவர் கேட்பது அனுமதி அல்ல. தங்கள் சம்மதத்துக்கு ஒரு சாட்சியே. அனுமதி கேட்கச் சொல்லும் சட்டம் காதலைத் தடுத்ததாகச் சரித்திரத்தில் காணோம். கொல்லன் பட்டறைக்கு வழி காட்டியதாகவே காண்கிறோம். ஆங்கில தேசத்தில் அந்த வழியின் கோடியில் ஒரு பட்டடைக்கல் இருந்தது. நமது தேசத்தில் அதே வழியில் அரிவாளுடன் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் அந்த 30 நாள் காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்தெறிவது சட்டசபையில் இருப்பவர்களின் அவசரக் கடமையாகும்.