கை கோத்தால்தான் கபடி!

குற்றாலத்தில் விழும் தண்ணீர் குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. சிற்றாறாகத் தென்காசியைத் தொட்டு ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் கடலைச் சேர்கிறது. அந்தத் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் சின்ன கிராமம், மணத்தி.

இந்த ஊர்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒரே திருநெல்வேலி மாவட்டம். 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் இந்தச் சீமையில் மாறாத ஒன்று உண்டு. அது கபடி!

பொங்கல் வந்தாலும் சரி, கோயில் கொடை வந்தாலும் சரி, ஊருக்குள் ஒரு கபடிப் போட்டி நடந்தே தீரும். அறுவடை முடிந்த வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு கம்பத்தில் விளக்கைக் கட்டினால் மைதானம் தயார். பேட் வேண்டாம், பந்து வேண்டாம், ஷூ கூட வேண்டாம். மூச்சும் தைரியமும் இருந்தால் போதும். அதனால்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்த விளையாட்டாகக் கபடி இருக்கிறது.

மணத்தியிலிருந்து ஹிரோஷிமாவுக்கு

அப்படி வயலில் ஆடிய பிள்ளைகளில் ஒருவர்தான் மணத்தி கணேசன். 1994-ல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் இந்தியா வாங்கியது மொத்தமே 4 தங்கம். டென்னிஸில் இரண்டு, துப்பாக்கி சுடுதலில் ஒன்று, நான்காவது கபடியில். அந்தத் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடியவர் கணேசன். அடுத்து 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது.

ஊர் பெயரே அவருடைய பெயரின் முன்பாதி ஆகிவிட்டது. மணத்தி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கும் 'மணத்தி கணேசன்' தெரிந்தது. ஒரு கிராமத்துக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

ஆனால், அந்தத் தங்கம் வந்த காலம் சாதாரணக் காலம் அல்ல. தொண்ணூறுகளில் தென்மாவட்டங்கள் சாதி மோதல்களால் கொதித்துக் கொண்டிருந்தன. அர்ஜுனா விருதுக்குரிய அதே 1995-ல்தான், அதே மாவட்டத்தில் கொடியங்குளம் சம்பவம் நடந்தது. மோதல்களின் உச்சத்தில், 1997-ல், மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்க வேண்டி வந்தது.

அப்படிப்பட்ட நாட்களில் தெருவுக்கு ஓர் அணி, ஆளுக்கு ஒரு பக்கம் என்று ஊர்கள் பிரிந்து கிடந்தன. அந்தச் சூழலில் ஒரு கிராமத்துப் பையன் இந்திய ஜெர்சி போட்டுக்கொண்டு நிற்பது, வெறும் விளையாட்டுச் செய்தி மட்டும் அல்ல. 'நம்மாலும் முடியும்' என்று எத்தனையோ வீடுகளில் சொல்ல வைத்த செய்தி அது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 தீபாவளிக்கு வெளியான மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' படம், கணேசனின் வாழ்க்கையைத் தழுவி எடுக்கப்பட்டது. கபடியே பார்க்காதவர்களுக்கும் அவர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்ணகி நகரின் கார்த்திகா

அந்தப் படம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், பஹ்ரைனிலிருந்து இன்னொரு சேதி வந்தது. ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணிக்குத் தங்கம்! அணியின் துணைத் தலைவி, சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. ஆண்கள் அணியும் தங்கம் வென்றது. அதில் ஆடியவர் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியது.

கண்ணகி நகர், சென்னையின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசைப்பகுதி மக்களைக் கொண்டுபோய் வைத்த இடம். வேலை கேட்டுப் போகும்போது சொந்த முகவரியைச் சொல்லத் தயங்கியவர்கள் அங்கே நிறையப் பேர். இன்று அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சேர்த்துச் சொல்ல வைத்துவிட்டாள் ஒரு பெண். மணத்திக்கு கணேசன் செய்ததை, கண்ணகி நகருக்கு கார்த்திகா செய்திருக்கிறார்.

கடல் தாண்டியும் இதே கதை

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. போர்ட்டோ ரிகோ தீவில் 1934-ல் பிறந்த ராபர்ட்டோ கிளெமென்டே. பேஸ்பால் வீரர். கறுப்பு நிறம், ஸ்பானிஷ் தாய்மொழி. அவருடைய ஆங்கில உச்சரிப்பைப் பத்திரிகைகள் அப்படியே அச்சடித்துக் கேலி செய்தன. பெயரைக்கூட 'பாப்' என்று மாற்றி எழுதின. 1971-ல் அவருடைய அணி பெரிய கோப்பையை வென்றபோது, நேரலையில் மைக்கை நீட்டினார்கள். அவர் முதலில் ஸ்பானிஷில் பேசி, ஊரில் இருந்த அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் நிகரகுவா நாட்டில் பெரும் நிலநடுக்கம். நிவாரணப் பொருட்களோடு தானே கிளம்பிய கிளெமென்டே, டிசம்பர் 31 இரவு விமான விபத்தில் உயிரிழந்தார். இன்று அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருது தரப்படுகிறது. அதிக ரன் எடுத்தவருக்கு அல்ல, ஊருக்கு அதிகம் உதவிய வீரருக்கு!

கயிறா, கையா?

வீரர்களைக் கொண்டாடுவது சரி. சால்வை, மாலை, ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் வேண்டியதுதான். ஆனால், அவர்கள் ஊருக்குக் கொடுத்ததை ஊர் பத்திரமாக வைத்திருக்கிறதா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியது நாட்டையே உலுக்கியது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டத் தடை விதிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. கயிற்றின் நிறத்தை வைத்து நண்பனைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் தென்மாவட்டப் பெற்றோருக்குப் புதிதல்ல.

கபடியில் அது செல்லாது. எதிரணியிலிருந்து ஒருவர் பாடி வரும்போது, தடுப்பவர்கள் பக்கத்தில் நிற்பவரின் கையைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். பாடி வருபவருக்கு 30 நொடி நேரம். அந்த 30 நொடியில் கோத்த கையை விட்டால் ஆள் நழுவிவிடுவார், புள்ளி போய்விடும். பக்கத்தில் நிற்பவர் எந்தத் தெரு என்று யோசிக்க நேரமே கிடையாது. அவர் பிடி உறுதியா என்பது மட்டும்தான் கேள்வி.

அதனால், ஊர்ப் போட்டி நடத்துகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். தெருவுக்கு ஓர் அணி என்பதை விட்டுவிட்டு, எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கலந்து ஓர் அணி அமைக்கலாம். பரிசுப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்குப் பஸ் செலவு கொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் அதே களத்தில் அதே விளக்கில் ஓர் ஆட்டம் வைக்கலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது என்பதைப் பெற்றோர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். 'விளையாட்டு சோறு போடுமா?' என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

சாரல் அடிக்கும் ஊர்களிலும் அடுத்த கணேசன் இருப்பார், அடுத்த கார்த்திகா இருப்பார். அவர்கள் இப்போது ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கலாம். அவர்கள் கையில் கயிறு வேண்டாம். கோத்துக்கொள்ள இன்னொரு கை இருந்தால் போதும்!