உங்கள் நாட்களை எண்ணி வையுங்கள், சகோதரிகளே!



இன்றைக்கு நம்மில் பல பேர் வீட்டில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். மகன் அமெரிக்காவில், மகள் ஆஸ்திரேலியாவில், தங்கை குடும்பம் கனடாவில் என்று சொல்லிக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடைத்தவுடன், 'இனி கவலை இல்லை' என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 'நிரந்தரம்' என்ற அந்த வார்த்தைக்குள் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நம்மைப் போன்ற இல்லத்தரசிகள்தான். என் அனுபவம் யாராவது ஒரு சகோதரிக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் பதினோரு வயது மகனும் 2018 ஜூன் 10-ம் தேதி நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோடு டொரன்டோ போய் இறங்கினோம். கனடா சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? எந்த ஐந்து வருஷத்தை எடுத்தாலும், அதில் குறைந்தது 730 நாள், அதாவது இரண்டு வருஷம், அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை, விட்டு விட்டும் இருக்கலாம். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே கணக்கில் சேரும். கையில் கொடுக்கும் கார்டு பொதுவாக ஐந்து வருஷத்துக்குச் செல்லும்.

2019 அக்டோபரில் ஊரிலிருந்து போன் வந்தது. திருச்சியில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்த ஓரகத்தி பள்ளிக்கூட ஆசிரியை, அவருக்கு லீவு கிடையாது. சென்னையில் இருக்கும் மச்சினர் வீட்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கோயம்புத்தூர் நாத்தனாருக்குக் கைக்குழந்தை. 'நீ வேலைக்குப் போகலையே, நீ வந்தா நல்லா இருக்கும்' என்று போனில் ஆளாளுக்குச் சொன்னார்கள். 'கனடா பாட்டுக்கு அங்கேயேதானே இருக்கும்!' என்றார் ஒரு பெரியவர்.

அத்தை என்னைப் பெற்ற பெண்ணைப் போல நடத்தியவர். என் பிரசவத்தில் மூன்று மாசம் ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொண்டவர். அவரைப் படுக்கையில் விட்டுவிட்டு எனக்கு அங்கே சோறு இறங்குமா? நாள் கணக்கு தெரிந்தேதான் கிளம்பினேன். கிளம்பின அன்று, அக்டோபர் 12, காலண்டரை வைத்து எண்ணினேன். அதுவரை நான் அங்கே இருந்தது 490 நாள். ஒரு வருஷத்தில் அத்தை எழுந்து நடமாடிவிடுவார், திரும்பிப் போய்விடலாம் என்று டாக்டர் சொன்னதை நம்பிப் போனேன்.

அத்தை எழுந்து நடக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. அப்புறம் சிறப்பு விமானங்கள் ஓடின. 2021 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து நேராக வரும் விமானங்களைக் கனடா நிறுத்தி, செப்டம்பர் கடைசியில்தான் திரும்பத் திறந்தது. வழி திறந்த பிறகும் எப்படிக் கிளம்புவது? உடம்பு துடைத்து, மருந்து கொடுத்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேறு ஆள் வேண்டுமே! மகன் போனில் 'அம்மா, எப்ப வருவே?' என்று கேட்பான். அவன் குரல் உடைந்து கனத்துப்போனதைக்கூட நான் போனில்தான் கேட்டேன். 2023 பொங்கலுக்கு முந்தின வாரம் அத்தை காலமானார். காரியங்கள் முடிந்து, 2023 மார்ச் 15-ம் தேதி நான் டொரன்டோ திரும்பினேன். இடையில் போனது கிட்டத்தட்ட மூன்றரை வருஷம்.

கிளம்பும் முன் ஒரு டிராவல் ஏஜென்ட், 'கார்டு ஜூலை வரைக்கும் இருக்கு, ஒரு பிரச்னையும் இல்லம்மா' என்றார். கார்டு செல்லுபடியாவது வேறு, நாள் கணக்கு வேறு. விமான நிலையத்தில் என்னைத் தனியாக உட்கார வைத்து, 'எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள்? ஏன்?' என்று கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்து நீட்டினேன். நாள் போதவில்லை என்று அந்த அதிகாரி அங்கேயே அறிக்கை எழுதியிருக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் எழுதவில்லை. எச்சரித்து உள்ளே விட்டார். இந்த இடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நாட்டை விட்டே அனுப்பி, ஐந்து வருஷம் உள்ளே வர முடியாதபடி தடை போட்டுவிடுவார்கள். அதனால் எவ்வளவு பயமாக இருந்தாலும் உண்மையே பேசுங்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். ஜூன் 10-ல் ஐந்து வருஷம் முடியும்போது பழைய 490 நாளும் புதிய 88 நாளும் சேர்ந்து 578 நாள். 152 நாள் குறைவு! 'அதனால் என்ன, இன்னும் ஐந்து மாசம் இருந்தால் சரியாகிவிடும்' என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் சூட்சுமம். விண்ணப்பம் போடும் தேதியிலிருந்து பின்னோக்கி ஐந்து வருஷம்தான் எண்ணுவார்கள். 2023 ஜூனுக்குப் பிறகு எனக்கு ஒரு புதிய நாள் சேர்ந்தால், 2018-ன் பழைய நாள் ஒன்று கழன்றுபோகும். அடியில் ஓட்டை விழுந்த அரிசி டின்னில் மேலே ஒரு படி போட்டால் கீழே ஒரு படி போகிற மாதிரி! 2024 அக்டோபர் வரை என் கணக்கு 578-லேயே நின்றது. அதற்குப் பிறகுதான் ஏறத் தொடங்கி, 2025 மார்ச் நடுவில் 730-ஐத் தொட்டது. ஐந்து மாசம் என்று நினைத்தது இரண்டு முழு வருஷம் ஆனது.

அரசு உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரிடம் போனோம். இரண்டு வழி சொன்னார். ஒன்று, நாட்டை விட்டு நகராமல் இருந்து 730 நாளைச் சேர்த்த பிறகு விண்ணப்பிப்பது. இன்னொன்று, நாள் குறைவாக இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் இப்போதே கேட்பது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போனதை எடுத்துச் சொல்லலாம், ஆனால் ஏற்றுக்கொள்வது அதிகாரியின் கையில். அதற்கான காகிதங்களைத் தயார் செய்யும்போது அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 'உங்கள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமே இல்லையா? ஏன் நீங்கள்தான் போக வேண்டியிருந்தது? அதிகாரி இதைக் கண்டிப்பாகக் கேட்பார்.'

எனக்கு வாய் அடைத்துப்போனது. மூன்று மகன், ஒரு மகள் இருக்கும் வீட்டில், அந்த மூன்றரை வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை! முன்பின் தெரியாத ஒரு நாட்டின் சட்டம் கேட்கிறது. 'வேலைக்குப் போகாதவள், அதனால் போனேன்' என்று எழுதினால் அது காரணமாகுமா? என்ன பதில் எழுதுவது என்று நானும் என் கணவரும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில், காத்திருப்பது என்று முடிவு செய்தோம். ஜூலையில் கார்டு காலாவதியானது. காலாவதியானால் அந்தஸ்து தானாகப் போய்விடாது, அதிகாரபூர்வமாக முடிவு எடுக்கும் வரை அது இருக்கும் என்று ஆலோசகர் தைரியம் சொன்னார். ஆனால் வெளியே போனால் திரும்ப விமானம் ஏற, வெளிநாட்டிலிருந்தே தனியாக ஒரு பயண ஆவணம் வாங்க வேண்டும். அப்போதும் இதே நாள் கணக்கைத்தான் பார்ப்பார்கள். மறுத்துவிட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதெல்லாம் முடிகிற வரை குடும்பம் அங்கே, நான் இங்கே.

அந்த வருஷமே என் கணவருக்கும் மகனுக்கும் குடியுரிமை கிடைத்தது. 'புருஷன் சிட்டிசன், உனக்கென்ன பயம்?' என்று கேட்காத ஆள் இல்லை. கணவர் குடிமகன் ஆகி, அவரோடு சேர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்தால்தான் அந்த நாட்கள் மனைவியின் கணக்கில் சேரும். அவர் டொரன்டோவிலும் நாம் திருச்சியிலும் இருந்தால் ஒரு நாள்கூடச் சேராது. மகன் குடிமகன் என்பதாலும் தாய்க்கு நாள் வராது.

2024 டிசம்பரில் கும்பகோணத்தில் என்னைப் பெற்ற அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அன்றைக்கு என் கணக்கில் 637 நாள். இன்னும் 93 நாள் பாக்கி. 'நான் வந்துடறேம்மா' என்றேன். 'நீ வந்து என்ன பண்ணப் போறே? தம்பி பாத்துக்கறான். புள்ளைய விட்டுட்டு மறுபடியும் வந்து மாட்டிக்காதே' என்றார் அம்மா. நாலாம் நாள் போய்விட்டார். இறுதிச் சடங்கைத் தம்பி மகன் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, வீடியோவில் பார்த்தேன். மாமியாருக்கு மூன்றரை வருஷம் இருந்தவள், பெற்றவளுக்கு ஒரு வாய் தண்ணீர் விட முடியவில்லை.

2025 மார்ச் கடைசியில் விண்ணப்பித்தேன். ஐந்து வருஷத்தில் வெளியே போன, வந்த தேதி எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகளையும் வருமான வரிக் காகிதங்களையும் ஒத்துப் பார்க்கிறார்கள். கார்டு வந்தது. கும்பகோணம் போய் அம்மா படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன்.

என் மாமியாரையோ, ஓரகத்தியையோ, நாத்தனாரையோ குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரவருக்கு அவரவர் கஷ்டம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணையோ மருமகளையோ ஊருக்கு வரச் சொல்லும்போது, அவளுக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். நகையை அடகு வைக்கும்போது எத்தனை பவுன், எப்போது மீட்போம் என்று கணக்குப் பார்க்கிறோம் இல்லையா? அவளுடைய நாளும் அப்படித்தான். ஆறு மாசம் ஒரு மருமகள், ஆறு மாசம் ஒரு மகள், மீதிக்கு எல்லோரும் காசு போட்டு ஒரு நர்ஸ் என்று முறை வைத்துக்கொண்டால், ஒருத்தி தலையில் மட்டும் விழாது.

சகோதரிகளுக்கு இன்னும் சில யோசனைகள்:

* ஒரு நோட்டில் போகும் தேதி, வரும் தேதியை எழுதி வையுங்கள். விமான டிக்கெட்டையும் பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

* நோயாளியைப் பார்க்கப் போயிருந்தால் டிஸ்சார்ஜ் காகிதம், டாக்டர் கடிதம், மருந்து பில் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோப்பில் போடுங்கள். வேறு யாராலும் ஏன் பார்க்க முடியவில்லை என்பதற்கும் அப்போதே ஆதாரம் எடுத்து வையுங்கள்.

* நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருக்கும் அம்மாக்கள், ஒரு வருஷத்துக்கு மேல் ஊரில் தங்க நேரும் என்றால், கிளம்பும் முன் அங்கே இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். விமான நிலையத்தில் ஐ-407 என்ற பாரத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது கார்டை நாமாக விட்டுக்கொடுக்கும் பாரம். கையெழுத்துப் போட மறுத்து, நீதிபதியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்க உரிமை உண்டு. பிரிட்டனில் நிரந்தர அனுமதி உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அந்த அனுமதியே போய்விடும்.

* டிராவல் ஏஜென்ட், பக்கத்து வீட்டுக்காரர், கல்யாண வீட்டில் சந்தித்த மாமா சொல்வதை எல்லாம் நம்பாமல், உரிமம் பெற்ற ஆலோசகர் அல்லது வக்கீலிடம் ஒருமுறை கேளுங்கள்.

கனடாவில் ஐந்து வருஷத்தில் 1,095 நாள் சேர்ந்தால் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு இந்த எண்ணிக்கை இல்லை. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. நம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுக்க மனசு வரவில்லை. கொடுக்காவிட்டால் இன்னொரு முறை நாள் எண்ண வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறார்களா? எப்படிச் சமாளித்தீர்கள்? எழுதுங்கள் சகோதரிகளே, நாலு பேருக்குப் பயன்படும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.