வீடு காலி... ஆள் ஃபேமிலியா?

"வேலை கிடைச்சாச்சு, வீடுதான் கிடைக்கலே!" - விழுப்புரம் ஜங்ஷனில் பெட்டியோடு இறங்கும் புது ஆளின் புலம்பல் இது. 1993 செப்டம்பர் 30-ல் தென்னாற்காடு பிரிந்து, விழுப்புரம் மாவட்டத் தலைநகர் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தால், பின்னாலேயே மாற்றலாகி வருகிறவர்கள் வீடு தேட மாட்டார்களா? திண்டிவனத்திலும் இதே தேடல்தான்.

டீக்கடையில் விசாரித்தால் போதும், புரோக்கர் வந்துவிடுவார். அப்புறம் வீட்டுக்காரர் நடத்தும் இன்டர்வியூ!

"எந்த ஊரு? எத்தனை பேரு? கறி, மீன் சமைப்பீங்களா?"

பிரம்மச்சாரி என்றால், "ஃபேமிலிக்குத்தான் சார் விடறோம்!" தப்பித் தவறி பாஸானால், "பத்து மாச அட்வான்ஸ்" என்று குண்டு விழும்.

இங்கேதான் உஷாரா இருக்கணும். 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்வது கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, மூணு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசினால் எடுபடுவது கஷ்டம். வாய்ப்பேச்சை நம்பினாலோ, காலி பண்ணும்போது 'வெள்ளையடிச்ச செலவு' என்று அட்வான்ஸ் கரையும்.

அதனால், பால் காய்ச்சுவதற்கு முன்னால் பத்திரத்தைப் படிச்சிடுங்க. புது வீட்டில் பால்தான் பொங்கணும்... நீங்க இல்லே!