கொஞ்சம் சவுண்டைக் குறைங்கண்ணே!

தீபாவளிக்கு டிரெஸ் எடுக்க தி.நகர் போன அனுபவம் இருக்கா பாஸ்? ரங்கநாதன் தெருவில் காலை வெச்சா போதும், கூட்டமே தள்ளிட்டுப் போயிடும். ஆனா, காதை யார் காப்பாத்துறது? இந்தக் கடை வாசல்ல குத்துப்பாட்டு, எதிர்க்கடையில அவங்க விளம்பரப்பாட்டு, நடுவுல 'ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்' அறிவிப்பு. அம்மாகிட்ட 'சைஸ் சின்னதும்மா'னு கத்தினா, 'விலை சின்னதா? அப்ப ரெண்டா எடு'ங்கிறாங்க!

கடைக்காரங்க ஏன் பாட்டு போடுறாங்க? ரொனால்ட் மில்லிமன் என்பவர் 1982-ல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் மெதுவான இசை ஓடினப்போ ஜனங்க நிதானமா நடந்தாங்க. வேகமான இசை ஓடின நாட்களைவிட விற்பனை 38 சதவிகிதம் அதிகம். நம்மாளுங்க 'இசை'யை மட்டும் பிடிச்சுக்கிட்டு, 'மெதுவான'ங்கிறதை விட்டுட்டாங்க போல!

சும்மா இருப்போமா? போன் ஆப்பை எடுத்து ஷர்ட் செக்‌ஷன்ல அளந்தேன். 88 டெசிபல்! ஆப் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்தான். ஆனா, 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி வணிகப் பகுதிக்குப் பகல்நேர அளவே 65 டெசிபல். 20 டெசிபல் கூடினா 20 மடங்கு இல்லீங்க, ஒலியின் ஆற்றல் 100 மடங்கு!

நமக்கு ஒரு மணி நேரத் தலைவலி. பில் போட்டுட்டு எஸ்கேப். அங்கேயே நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கு? ஷர்ட் எடுத்துக் காட்டின அக்காகிட்ட, 'இந்தப் பாட்டு எத்தனாவது தடவை ஓடுதுக்கா?'னு கேட்டேன். காதுல இருந்த பஞ்சை எடுத்துட்டு, 'என்ன தம்பி கேட்டீங்க?'ன்னாங்க. அதுக்கப்புறம் எனக்குக் கேள்வியே வரலை.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. அப்போ காலைப் பத்தி யோசிச்சோம். காதைப் பத்தி எப்போ?

வெளியே வரும்போது கல்லாவில் இருந்தவர்கிட்ட, 'சவுண்டைக் கொஞ்சம் குறைங்கண்ணே'னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே குறைச்சார். படியிறங்கறதுக்குள்ள பழையபடி ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தன் சொன்னா அவ்வளவுதான். பில் போடுற ஒவ்வொருத்தரும் சொன்னா?

அடுத்த பர்ச்சேஸ்ல ட்ரை பண்ணுங்க. பாட்டைக் கேட்டது போதும். அந்த அக்காவுக்காக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க!