கழுத்தில் அடி, காலில் தள்ளாட்டம்

தென்னையிலிருந்து விழுந்தவர், குளியலறையில் வழுக்கி முகம் இடிபட்ட முதியவர். அடிபட்டது கழுத்தில், தள்ளாடுவதோ கால்கள்! கழுத்தின் 7 எலும்புகளுக்குள் இறங்கும் தண்டுவடம் வழியாகவே மூளையின் கட்டளை கால்களை அடைகிறது. அது முற்றிலும் அறுபடாமல் நசுங்கியிருந்தால் பலர் மீண்டும் நடக்கின்றனர். ஆயினும் அது பழைய நடையன்று.

கால் மரக்கட்டைபோல் விறைக்கும். சிலருக்குப் பாதம் எங்கே ஊன்றியிருக்கிறதென்று கண்ணால் பார்த்தாலன்றித் தெரியாது. ஆகவேதான் பகலில் நடமாடியவர், மின்சாரம் நின்ற இரவில் விழுகிறார். “பகலில் நன்றாகத்தானே நடந்தார், நடிக்கிறாரோ?” என வீட்டார் ஐயுறுவது பெருங்கொடுமை. இரவெல்லாம் சிறு விளக்கொன்று எரியட்டும். கழிப்பறை செல்லும் வழியில் பாய், மிதியடி வேண்டா.

கைத்தடி வாங்குமுன் கையைக் கவனியுங்கள். முதியோர்க்கு இக்காயத்தில் கால்களைவிடக் கைகளே அதிகம் தளர்வதுண்டு. முன்கையை ஊன்றி நடக்கும் வாக்கரே அத்தகையோர்க்கு உதவும்.

விறைப்புக்குத் தரப்படும் பாக்லோஃபென் மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது, வலிப்பே வரக்கூடும். விறைப்பு திடீரென மிகுந்தால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, படுக்கைப் புண்ணோ காரணமாயிருக்கலாம். தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. நின்றே தொழுவேனென்று தள்ளாடும் பெரியவருக்கு, சுவரோரமாய் அசையாத நாற்காலி ஒன்றை இட்டுக் கொடுங்கள்.